முதல் அரை மணி நேரம் மட்டும் பறந்த டிஸ்க்

அமேசான் கிளவுடில் நான் பார்த்துக்கொள்ளும் போஸ்ட்கிரஸ் தரவுத்தள சர்வரில் தினமும் இரவு 2 மணிக்கு ஒரு வேலை ஓடும். அன்றைய பதிவுகளையெல்லாம் வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டி, காலை அறிக்கையைத் தயார் செய்துவிடும். ஆரம்பத்தில் அரை மணிக்குள் முடிந்துகொண்டிருந்தது. தரவு பெருகப் பெருக நேரமும் கூடும், அது தெரிந்ததுதான். ஆனால் திடீரென்று காலை 7 மணி வரை இழுக்கத் தொடங்கியபோது கலங்கிவிட்டேன். அறிக்கைக்காகக் காத்திருப்பவர்கள் 6 மணிக்கே வேலையைத் தொடங்குகிறவர்கள்.

இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடினேன். வினவல்களைத் திருத்தினேன், இண்டெக்ஸ் சேர்த்தேன், ரேம் போதவில்லையோ என்று யோசித்தேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஓர் இரவு விழித்திருந்து, டிஸ்க்கின் வேகத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியை ஓடவிட்டுப் பார்த்தேன். சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. டிஸ்க் விநாடிக்கு 3,000 முறை படித்துக்கொண்டிருந்தது. 2:33க்கு அது 300 ஆனது. அப்புறம் விடியும் வரை 300தான். மறுநாள் இரவும் அதே 33வது நிமிடம்.

இப்படிக் கடிகாரம் வைத்தாற்போல் நின்றால் அது பழுது இல்லை, யாரோ வைத்த கணக்கு. அமேசான் வாடகைக்குத் தரும் டிஸ்க் சேவையான இபிஎஸ்ஸின் ஆவணத்தை எடுத்து உட்கார்ந்தேன். எங்களுடையது ஜிபி2 வகை டிஸ்க், 100 ஜிகாபைட். இந்த வகையில் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ், அதாவது விநாடிக்கு 3 முறை படிப்பதோ எழுதுவதோ, என்பதுதான் நிலையான வேகம். அப்படியென்றால் எங்களுக்கு உரியது வெறும் 300. அதற்கு மேல் 3,000 வரை போகலாம், ஆனால் டிஸ்க் சும்மா இருக்கும்போது சேமிப்பில் சேரும் கிரெடிட்டைச் செலவழித்துத்தான். நிரம்பிய சேமிப்பு 54 லட்சம் கிரெடிட். 3,000 வேகத்தில் ஓடும்போதும் விநாடிக்கு 300 கிரெடிட் வந்துகொண்டே இருக்கும், ஆகவே விநாடிக்கு 2,700 கரையும். 54 லட்சத்தை 2,700ஆல் வகுத்தால் 2,000 விநாடி. அதாவது 33 நிமிடம் 20 விநாடி!

அந்த விடை வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். டிஸ்க் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் துல்லியமாகச் செய்திருக்கிறது. ஆவணத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறது. வேலை அரை மணிக்குள் முடிந்த காலமெல்லாம் சேமிப்புக்குள்ளேயே முடிந்திருக்கிறது. அதைத்தான் டிஸ்க்கின் சொந்த வேகம் என்று நம்பியிருந்தேன். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில், மிச்சமுள்ள கிரெடிட்டைக் காட்டும் பர்ஸ்ட் பேலன்ஸ் என்றொரு அளவீடு உண்டு. அதைத் திறந்தால், தினமும் பகலில் 100 சதவீதத்துக்கு ஏறி, இரவு 2:33க்கு பூஜ்யத்தைத் தொடும் கோடு மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. உங்களிடம் ஜிபி2 டிஸ்க் இருந்தால் இன்றைக்கே அந்தக் கோட்டைப் பாருங்கள்.

குழுவில் இளையவர் ஒருவர், "அக்கா, டிஸ்கை 1,000 ஜிகாபைட் ஆக்கிடலாமா? 3,000 நிரந்தரமா கிடைச்சிடுமே" என்றார். கணக்கு சரிதான். இன்னொரு சர்வரில் முன்பே நாங்கள் செய்ததும் அதுதான். ஆனால் இபிஎஸ் டிஸ்கைப் பெரிதாக்க முடியும், சுருக்க முடியாது. வேகத்துக்காக இடத்தை வாங்குவதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை.

2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகை டிஸ்க், வேகம், இடம் என்ற இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. அளவு எதுவானாலும் 3,000 ஐஓபிஎஸ்ஸும் விநாடிக்கு 125 மெகாபைட்டும் அடிப்படையாகக் கிடைக்கும். கிரெடிட் கணக்கே கிடையாது. ஜிகாபைட்டுக்கான கட்டணமும் ஜிபி2வை விடக் குறைவு.

சரி, நேரடியாக மாற்றாமல் முதலில் சோதிப்போம் என்று, பழைய டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (அந்த நேரத்து நகல்) புதிய ஜிபி3 டிஸ்க் ஒன்றை உருவாக்கி, அதே வேலையை ஓட்டினேன். பழைய டிஸ்கை விட மெதுவாக ஓடியது. மனம் விட்டுப்போய்விட்டது. பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து பிறந்த டிஸ்க்கில் தரவு உடனே வந்து அமர்வதில்லை. ஒவ்வொரு துண்டும் முதன்முறை படிக்கப்படும்போதுதான், ஸ்னாப்ஷாட் இருக்கும் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து இழுத்து வரப்படுகிறது. லினக்ஸின் டிடி கட்டளையால் முழு டிஸ்கையும் ஒருமுறை படிக்க வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு ஜிபி3 மெதுவானது என்று யாராவது முடிவுகட்டியிருந்தால், தயவுசெய்து திரும்ப ஒருமுறை சோதியுங்கள்.

உண்மையான மாற்றம் அலட்டலே இல்லாதது. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, சர்வரை நிறுத்தாமலே வகையை மாற்றினேன். இந்த வசதி 2017 முதல் இருக்கிறது. அளவு மாறாததால் கோப்பு முறைமையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதும் வேகம் பழைய டிஸ்க்கின் அளவுக்குக் கீழே போகாது.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிவதைப் பார்த்ததும் 6,000 ஐஓபிஎஸ் கேட்டு அரை மணியாக்கலாமே என்று ஆசை வந்தது. இந்த முறை முதலில் சர்வருக்கான அட்டவணையைத் திறந்தேன். எங்களுடையது எம்5 லார்ஜ் வகை சர்வர். அது டிஸ்க்கோடு பேசும் பாதைக்கும் ஒரு வரம்பு உண்டு: உச்சம் 18,750 ஐஓபிஎஸ், நிலையான வேகம் 3,600 மட்டுமே. உச்சத்துக்கு உத்தரவாதம் 24 மணி நேரத்தில் ஒருமுறை, 30 நிமிடம். மறுபடியும் அதே அரை மணி நேரக் கதை, ஒரு படி மேலே. 3,000இலேயே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது 3 மணி சுமாருக்கு அறிக்கை தயாராக இருக்கிறது. அந்த இன்னொரு சர்வரின் 1,000 ஜிகாபைட் டிஸ்க்கில் 80 ஜிகாபைட் தரவுதான் இருக்கிறது. சுருக்க வழியில்லாததால், 120 ஜிகாபைட்டில் புதிய ஜிபி3 ஒன்றைப் பொருத்தி, எல்லாவற்றையும் நகலெடுத்துத்தான் மாற வேண்டும். அதற்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தியே ஆகவேண்டும். வரும் ஞாயிறு அதிகாலைக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.