சாயவேர்ச் சிவப்பு: ஐந்தாம் முயற்சியும் பறிபோன மழைக்காட்சியும்

புதுச்சேரியில் 1746ஆம் ஆண்டில் நடப்பதாக நான் எழுதிவரும் நெடுங்கதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு மழைக்காட்சி இருந்தது. நனைந்த புடவையின் சிவப்புக் கரையிலிருந்து சாயம் இறங்கி நாயகனின் வெள்ளை வேட்டியில் படிகிறது. அந்தக் கறையைக் கண்டுதான் நாயகியின் தமையன் இருவரும் சந்தித்ததை அறிகிறான். கதையின் பின்பாதி முழுவதும் இந்தக் கறையை நம்பியே நின்றது. சென்ற வாரம், சாயவேர் என்னும் செடிவேரால் நான் சாயமேற்றிய ஐந்தாவது நூல்கழி நல்ல சிவப்பாகத் தேறியது. அதோடு அந்தக் காட்சி செத்தது.

கதையில் வரும் எந்தத் துணியையும் ஒருமுறையேனும் கையால் செய்து பார்க்காமல் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நம் சரித்திரக் கதைகளில் அரசகுமாரியின் மேகலையிலுள்ள மணிகள்கூட எண்ணப்படுகின்றன. அவள் உடுத்திய துணியை யார் துவைத்தார்கள், துவைத்தபோது அதன் நிறம் என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. நானும் கேட்காமல்தான் அந்தக் காட்சியை எழுதியிருந்தேன்.

முதல் தடை வேரிலேயே வந்தது. சாயவேரைத் தரும் செடியின் பெயர் இம்பூறல். நாட்டு மருந்துக் கடையில் அதைக் கேட்டால் வேர், தண்டு, இலை எல்லாம் சேர்ந்த சமூலத்தை உலர்த்திக் கொடுக்கிறார்கள். மருந்துக்கு அது போதும். ஆனால் சாயம் இருப்பது வேரின் பட்டையில் மட்டுமே. முதல் இரண்டு கழிகளும் நீர்மோரில் குங்குமம் சிந்தினாற்போல் வெளிறிப்போனதற்கு என் கைக்குற்றத்தை நொந்துகொண்டு ஒரு மாதத்தை வீணடித்தேன். பின்னர் கடற்கரையோர மணல் நிலத்தில் சவுக்கு வளர்க்கும் நண்பர் ஒருவர், தம் தோப்பின் ஓரத்தில் தானாக முளைத்திருந்ததை வேரோடு தோண்டி அனுப்பினார். உலர்ந்தபின் 800 கிராம் தேறியது. இவ்வேரின் சிவப்புப் பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் கண்டுபிடித்திராவிட்டால் இந்த வேரை இன்றும் சந்தையில் மூட்டையாகவே வாங்கியிருக்கலாம்.

நல்ல வேர் கிடைத்தபின் என்னை வாட்டியது எண்ணெய்க் கட்டம். சாயத்தை நூலோடு பிணைப்பது படிகாரம்; பருத்தி நூல் அதை எளிதில் பிடித்துவைப்பதில்லை என்பதால், நல்லெண்ணெயையும் சாம்பல் நீரையும் பாலாகக் கலந்து, இரவில் நூலை அதில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் உலர்த்தி, இதையே பல நாள் திரும்பத் திரும்பச் செய்வது பழைய முறை. சாம்பலுக்காக உப்பளத்தின் ஓரத்தில் வளரும் உமரிச் செடியைப் பறித்து வந்து சுட்டு, நீரில் கரைத்துத் தெளியவைத்துக்கொண்டேன். கலவை சரியாக அமைந்ததற்கு அடையாளம் எளியது: அதில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் எண்ணெய்க்கண் எதுவும் மிதக்காமல் புகைபோலப் பரவ வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோலக் கண்கள் மிதந்தன. சாம்பல் நீரைக் கூட்டினேன், குறைத்தேன், மத்தால் அரைமணி நேரம் கடைந்தேன், வெதுவெதுப்பாக்கிக் கடைந்தேன். இறக்கி வைத்த கால்மணி நேரத்தில் எண்ணெய் தனியே மேலேறி நின்றது. பொறுமையிழந்து அப்படியே நனைத்த மூன்றாம், நான்காம் கழிகள் திட்டுத்திட்டாய்ச் சிவந்து, தோல் நோய் கண்டதுபோல் ஆயின.

குற்றம் எண்ணெயின் தூய்மையில் இருந்தது. செக்கிலிருந்து அன்றன்று வாங்கிய எண்ணெயைப் பெருமையோடு பயன்படுத்திவந்தேன். ஒருநாள் சமையலறைப் பரணில் ஈராண்டுகளாக மறந்து கிடந்த, காறல் வாடை வீசும் ஒரு போத்தல் கிடைத்தது. வேறு எதற்கும் ஆகாதென்று அதைக் கலந்தபோது, முதல் கடைசலிலேயே கெட்டியான பாலாகத் திரண்டு மறுநாள் காலைவரை பிரியாமல் இருந்தது. எண்ணெய் கெடும்போது அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை சாம்பலின் காரத்தோடு சேர்ந்து சிறிது சோப்பாகி, மீதி எண்ணெயை நீரில் பிடித்துவைக்கின்றன. துருக்கிச் சிவப்பு என்று பெயர்பெற்ற சாயத்துக்கு ஐரோப்பியர் ஊசிப்போன ஆலிவ் எண்ணெயைத் தேடி வாங்கியதும் இதற்காகவே என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது கைக்கு வந்து சேர நான்கு கழிகள் ஆயின. ஏழு நாள் எண்ணெய் முறை முடிவதற்குள் மாடிக்கொடியில் வேறு துணி எதையும் உலர்த்தக் கூடாதென்று வீட்டில் உத்தரவாகிவிட்டது.

அதன்பின் எல்லாம் தடையின்றி நடந்தன. 200 கிராம் நூலை அலசி, கடுக்காய் நீரில் ஊறவைத்து, 40 கிராம் படிகாரம் ஏற்றி, 400 கிராம் வேரோடு மெல்லச் சூடேற்றிக் கொதிநிலைக்குக் கொண்டுசென்றேன். வடிகட்டி இயந்திரத்தின் நீரை விடுத்துக் கிணற்று நீரை எடுத்ததும், அதில் ஒரு சிட்டிகை கிளிஞ்சல் தூள் சேர்த்ததும் சிவப்பின் மங்கலைப் போக்கின. அலிசரினுக்குப் படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் தேவைப்படுகிறது.

நூலோடு ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிச் சலவைச் சோடாவில் கால்மணி நேரம் கொதிக்கவைத்தேன். வெள்ளை வெள்ளையாகவே வெளிவந்தது. கொதிநீருக்கே அசையாத சிவப்பு ஐப்பசி மழைக்கா இறங்கப்போகிறது? சோழமண்டலக் கரையின் துணிகளை ஐரோப்பா விரும்பி வாங்கியதற்குத் துவைத்தாலும் போகாத இந்தச் சாயமும் ஒரு காரணம். கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியார் கடுக்காய், எருமைப்பால், சாயவேர் ஆகியவற்றைக் கையாளும் முறையை விசாரித்து 1742இல் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதியதும் அந்த ரகசியத்தை அறியத்தான். போதாக்குறைக்கு, சிவப்புக் கரையில் சாயம் இறங்குமானால் முதல் துவைப்பிலேயே புடவையின் உடல் முழுதும் பாழாகும். அப்படிப்பட்ட நூலை எந்த நெசவாளர் கரைக்குப் பாவோட்டுவார்?

ஏமாற்றப்பட்ட நெசவாளர் ஓட்டலாம் என்று பிறகு தோன்றியது. பதிமுகக் கட்டையின் சிவப்பு மலிவானது, பார்வைக்கு அழகானது, பருத்தியில் நிலைக்காதது. நூல் வியாபாரி அதைச் சாயவேர் நூலென்று விற்றிருந்தால், புதுப்புடவை முதல் மழையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பதிமுகச் சாயம் புளிப்புப் பட்டால் மஞ்சளாக மாறும் என்பதால், தமையன் சாயக்காரனாக இருந்தால் வேட்டிக்கறையில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தே மோசடியைக் கண்டுபிடிப்பான். தங்கையின் ரகசியம் அதற்குப் பின்னால்தான் அவனுக்கு உறைக்கும். பழைய காட்சியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பதிமுகம் கால் கிலோ வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் ஐந்தாம் கழியின் பாதி நூலுக்கு இரண்டாம் முறை வேர்ச்சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது. தறிக்காரரும் கரைக்கு இன்னும் இரண்டு கழி வேண்டும் என்கிறார். வேர் கொஞ்சம்தான் மீதியிருக்கிறது. காறிய எண்ணெயோ தீர்ந்துவிட்டது. புது எண்ணெய் இரண்டு போத்தலை மூடியைத் தளர்த்தி மாடியில் வெயிலில் வைத்திருக்கிறேன்.