நி-க்கு அப்புறம்

மூணு மாசம் ஆச்சு, அந்த "நி" இன்னும் மண்டைக்குள்ளயே நிக்குது. "ச ரி க ம ப த நி"ன்னு பாடி நிறுத்தினேன், நான் பேச்சுப் பயிற்சி குடுக்குற சார் என்னையே பாத்துட்டு இருந்தார், நானும் அவரையே பாத்துட்டு இருந்தேன், அஞ்சு செகண்ட் இருக்கும், அப்புறம் நானே "ச" பாடி முடிச்சிட்டேன். நடந்தது அவ்ளோதான்.

அவருக்கு ஸ்ட்ரோக் இடது பக்க மூளையில. பேச்சு போயிடுச்சு, பாட்டு மிச்சம் இருந்துச்சு. எங்க வேலையில இதை அடிக்கடி பாக்குறோம், 1973-ல பாஸ்டன்ல மெலடிக் இன்டோனேஷன் தெரபின்னு எழுதி வெச்சதே இதை நம்பித்தான். ஒரு வாக்கியத்தை மேல ஒரு சுரம் கீழ ஒரு சுரம்னு இழுத்துப் பாடணும், ஒவ்வொரு அசைக்கும் இடது கையைத் தட்டணும். "தண்ணி வேணும்"னு ரெண்டு வாரம் தட்டினோம். "த... த..."ன்னு திக்கி நின்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார்.

அதனாலதான் கர்நாடக சங்கீதத்துல முதல்ல கத்துக்குடுக்குற சரளி வரிசையை எடுத்தேன், சின்ன வயசுல கத்துக்கிட்டவர்னு அவர் வீட்டம்மா சொல்லியிருந்தாங்க. நி வரைக்கும் நான், கடைசி ச அவர். நாலு தடவை சுத்தமா பாடினார். அஞ்சாவது தடவை அவர் வாயைத் திறக்குறதுக்குள்ள நானே "நி... சட்னி!"ன்னேன். சிரிச்சார் பாருங்க, உதடு இடது பக்கம் மட்டும் மேல போகுது, தோளெல்லாம் குலுங்குது, கதவுகிட்ட நின்ன வீட்டம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் அவரே "ட்னி"ன்னார். தெளிவா.

அதுக்கப்புறம் மூணாவது செஷன்ல சிரிப்பு நிக்கவே இல்ல, அழுகையா மாறிடுச்சு, மூச்சு வாங்குச்சு, என் மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டார். நியூராலஜிஸ்ட் கிட்ட சொன்னேன், சூடோபல்பர் அஃபெக்டா இருக்கலாம்னார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் சிலருக்கு சிரிப்பு, அழுகை ரெண்டுக்கும் பிரேக் போயிடும், உள்ள சந்தோஷமே இல்லாம கூட சிரிப்பு வெடிக்கும். அப்ப நான் வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி பூரிச்ச அந்த சிரிப்பு?

அடுத்த செஷன்லதான் அந்த "நி".

விளையாட்டை நிறுத்தினது தப்புன்னு எனக்கு தோணல. மூச்சு வாங்குற மனுஷன் கிட்ட என்னத்த விளையாடுறது? ஆனா அதே டாக்டர், சின்ன தமாஷ் ஒண்ணு போதும், அது பத்து மடங்கா வெடிக்கும்னும் சொன்னார். அப்படின்னா அந்த சின்னது நிஜம்தானே? சிரிப்பை விடுங்க, அந்த "ட்னி"? பிரேக் போனதால வந்த வார்த்தையா அது? ரெண்டு வாரம் தட்டியும் வராத பேச்சு சட்னிக்கு வந்துச்சே. இப்படி யோசிச்சா நிறுத்தினது பயத்துலதான்னு தோணுது. மறுபடி அந்த அழுகை ஞாபகம் வருது, இல்ல, சரியாத்தான் பண்ணேன்னு தோணுது.

ஒண்ணு மட்டும் உறுத்துது. ஆரம்பிச்சதும் நான், நிறுத்தினதும் நான். ஆமா, இல்லன்னு தலையாட்ட அவருக்கு நல்லாவே தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்னைக்கு செருப்பு மாட்டும்போது வீட்டம்மா பக்கத்துல வந்து, "ஏம்மா, இன்னைக்கு சட்னி இல்லையா?"ன்னாங்க. "கொஞ்சம் மெதுவா போலாம்மா"ன்னேன். உள்ள சார் நாற்காலி கைப்பிடியில தட்டிட்டு இருந்தார். என்ன தட்டுறார்னு நின்னு கேக்கல, பஸ்ஸுக்கு நேரமாச்சு.