வாய்க்கால் ஓரமாக நீர்கொழும்புக்கு

கொழும்பில் சைக்கிள் ஓட எங்கே இடம் இருக்கிறது என்று கேட்பவர்களிடம், மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள் என்பேன். ஓடுவதற்குச் சுதந்திரச் சதுக்கம், நடப்பதற்குத் தியவன்னாக் கரை. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவது எனக்கு அலுத்துவிட்டது. பின்னேரங்களில் செல்பி எடுக்கிற சனத்தை விலத்துவதே ஒரு தனி உடற்பயிற்சி!

வெள்ளவத்தையில் இருந்து விடியமுன்னமே வெளிக்கிட வேண்டும். மரைன் டிரைவ், காலிமுகத்திடல், கொட்டாஞ்சேனை எல்லாம் பஸ்கள் முழிக்கமுதல் கடந்துவிடலாம். களனி கங்கையைத் தாண்டி ஹெந்தளைப் பக்கம் திரும்பினால் ஹமில்டன் வாய்க்கால். இது ஒல்லாந்தர் வெட்டியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர்களுடைய வாய்க்கால் இன்னும் உள்ளே, சதுப்புக்கு நடுவால் போகிறது. இது ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது, நீளம் சுமார் 14.5 கிலோமீற்றர். முத்துராஜவெல வயல்களில் ஏறிய உப்புத்தண்ணீரை வடிக்கத்தான் வெட்டினார்கள். உப்பும் போகவில்லை, நெல்லும் திரும்பவில்லை. கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும்தான் இலாபம்.

உஸ்வெட்டகெய்யாவ தாண்டியதும் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாய்க்கால், நடுவில் தென்னையும் வீடுகளும் தேவாலயங்களுமாக ஒரு ஒடுங்கிய நிலம். மேடு பள்ளம் கிடையாது. கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளே போதும். வெயில் ஏறத் தொடங்கியதும் வாய்க்கால் கரையில் கபரகொயா என்கிற பெரிய நீர் உடும்பு வந்து படுத்துவிடும். மணி அடித்தாலும் அசையாது. தலையை மட்டும் தூக்கி, பிளந்த நாக்கை இரண்டு தரம் நீட்டி மணம் பார்க்கும். அப்புறம் காணிச் சொந்தக்காரர் மாதிரி ஆறுதலாக எழும்பி, வயிறு மண்ணில் உரச நடந்து, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கும். சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனாலும் வாலுக்குக் கிட்டப் போகவேண்டாம். எனக்கு அதைவிடத் தெருநாய்களுக்குத்தான் பயம்.

பமுணுகமவில் ஒரு பிளேன்டி. அதற்குப் பிறகு பிட்டிப்பனை வரைக்கும் நிற்காமல் போகலாம். அந்தப் பக்கத்தில் களப்புக்கு மேலாகக் கட்டுநாயக்காவுக்கு இறங்கும் விமானங்கள் தாழப் பறக்கும். பிள்ளைகளோடு போனால் அங்கேயே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

சனிக்கிழமை போவதுதான் புத்தி. ஞாயிறென்றால் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்கு வருகிற சனத்தால் வீதியும் நிரம்பிவிடும். மற்ற நாட்களில் நீர்கொழும்புக் கரையில் தும்புப் பாய் விரித்து மீன் காயப்போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்று. போகும்போது முதுகில் தள்ளும், நல்ல வீரன் என்று நம்மை நாமே நினைத்துக்கொள்வோம். திரும்பும்போது முகத்தில் அடிக்கும், அதற்கும் கொஞ்சம் பலம் மிச்சம் வையுங்கள். வழி சுருக்கம் என்று பெரிய நீர்கொழும்பு வீதியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அந்த பஸ்களுக்குச் சைக்கிள் கண்ணில் படாது. வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடவேண்டும், கடல் உப்பு ஒரு கிழமையில் துருப்பிடிக்க வைத்துவிடும். கருவாடு வாங்கினால் இரண்டு பையில் கட்டுங்கள்.