பின் தூக்கிய பலகையும் தேர்ச்சி பெற்றது

ரேம் சில்லின் டேட்டா பின் ஒன்றை, அதாவது தரவு போகும் உலோகக் கால் ஒன்றை, நானே மின்சுற்றுப் பலகையிலிருந்து தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகும் எங்கள் நினைவகச் சோதனை ‘பிழை இல்லை’ என்றது. அதுவரை போன அத்தனை பலகைகளுக்கும் தேர்ச்சி கொடுத்தது இதே சோதனைதான் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

நிரல் எளிமையானது. ஒவ்வொரு முகவரியிலும் பதினறும எண் 55555555-ஐ எழுதும், படிக்கும், ஒப்பிடும். பிறகு எல்லா பிட்டுகளையும் புரட்டி மறுபடி அதையே செய்யும். கடைசியில் பூஜ்யம் வைக்கும். மேம்படுத்தல் (நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் பிழையைப் பிடித்தது. ஓ2 என்ற மேம்படுத்தல் நிலையைக் கொடுத்ததும் குருடாகிவிட்டது.

கம்பைலர் உருவாக்கிய செயலிக் கட்டளைகளை, அதாவது அசெம்பிளியை, திறந்தேன். ஒப்பீடு ஒன்றுகூட இல்லை! இப்போது எழுதியதைப் படித்தால் அதேதான் வரும் என்று கம்பைலர் முடிவு கட்டியிருந்தது. ஒப்பீடு போனதும், யாரும் படிக்காத முதல் இரண்டு மதிப்புகளையும் எழுதாமல் விட்டுவிட்டது. எஞ்சிய பூஜ்யங்களை நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ஒரே மெம்செட் அழைப்பாக்கியிருந்தது. சி மொழியின் விதிப்படி அது செய்தது முழுக்கச் சரி. ரேம் பொய் சொல்லக்கூடும் என்று நாங்கள்தான் அதனிடம் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கென்றே 1989ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து சி மொழியில் வோலடைல் என்ற சொல் இருக்கிறது. பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) அறிவிக்கும்போது அது நட்சத்திரக் குறிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் பாயிண்டர்தான் வோலடைல் ஆகும், அது சுட்டும் ரேம் ஆகாது. இந்தப் பிழை கண்ணில் படாமல் எளிதில் தப்பிவிடும்.

வோலடைல் கட்டுப்படுத்துவது கம்பைலரை மட்டுமே. ரேமின் மதிப்புகளை நகலெடுத்து வைக்கும் செயலியின் வேக நினைவகமான கேஷுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரேமைத் தொடாமலேயே தன்னிடம் உள்ள மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே சோதிக்கும் பகுதியைக் கேஷுக்கு வெளியே வைத்தேன். எழுதியவுடன் படிப்பதையும் கைவிட்டேன். சில்லே இல்லாத இடத்தில்கூட, கம்பிகளில் தங்கிய மின்னூட்டம் எழுதியதை ஒரு கணம் எதிரொலிக்கும். இப்போது மார்ச் சி மைனஸ் என்ற நினைவகச் சோதனை முறைதான்: முழு ரேமையும் ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் கடக்கும், முகவரிக்குப் பத்துச் செயல்கள். முன்பைவிட மெதுவாக ஓடுகிறது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பின் தூக்கிய பலகை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. கம்பைலரின் பதிப்போ மேம்படுத்தல் நிலையோ மாறினால் சோதனை முதலில் அதில்தான் ஓடும். அங்கே பிழை காட்டாவிட்டால் அந்த நிரல் வெளியே போகாது.