ரோசேசியாவுக்கு ஜெல் போட்ட 12 வாரம்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பது தொழில். மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், அதிரசம் என்று வருஷத்தில் பாதி நாள் வாணலி முன்னால்தான் நிற்பேன். அதனால் கன்னமும் மூக்கும் காந்தியதை இரண்டு வருஷமாக நோய் என்றே நினைக்கவில்லை. அது ரோசேசியா, முகம் சிவந்து எரிந்து பருவும் வரும் தோல் நோய். அடுப்படியில் நின்றால் காந்தத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கன்னத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தன. மருந்துக்கடையில் கேட்டதற்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். நாலே நாளில் முகம் தெளிந்துவிட்டது. ஏழெட்டு மாதம் விடாமல் பூசினேன். ஒருநாள் விட்டால் முகம் எரியும், பூசினால் அடங்கும். அதில் ஸ்டீராய்டு, அதாவது சிவப்பைச் சட்டென்று அடக்கி, நாள்பட்டால் முகத்தோலைக் கெடுக்கும் மருந்து, இருந்தது என்பது மதுரையில் தோல் மருத்துவரிடம் டியூபைக் காட்டிய அன்றுதான் தெரிந்தது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் 14 வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே அரசு ஆணை போட்டிருக்கிறது. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்த டியூப்தான்.

மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போது நிறம் மறைந்தது, எடுத்ததும் திரும்பியது. ரத்தக்குழாய் விரிந்திருப்பதால் வருகிற சிவப்பு அது. நம்மைப் போன்ற மாநிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, முகம் கறுத்துவிட்டதாகத்தான் தோன்றும், அதனாலேயே ரோசேசியா இங்கே தாமதமாகத் தெரிய வருகிறது என்றார். சாதாரணப் பருவில் இருக்கும் கரும்புள்ளி, வெண்புள்ளி இதில் இருக்காது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறதா என்றும் கேட்டார், ஏனென்றால் இது கண்ணையும் பிடிக்கும். எனக்கு அது இல்லை.

முதலில் களிம்பை நிறுத்தச் சொன்னார். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. முகம் வீங்கிக் கன்றிப் போனது. பலகாரம் சொல்ல வந்த ஆச்சி வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், என்னைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, கொதிக்கிற எண்ணெய் தெறிச்சிருச்சா?” என்று பதறினார்கள்.

மாசி கடைசியில் ஜெல் ஆரம்பித்தேன். அசெலாயிக் அமிலம், 15 சதவிகிதம், காலையும் இரவும். பிரிமோனிடின் என்று இன்னொரு ஜெல் உண்டாம். ரத்தக்குழாயைச் சுருக்கி அரைமணி நேரத்தில் சிவப்பை இறக்கும், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். சிலருக்கு வேகம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். ஸ்டீராய்டு பட்ட முகத்துக்கு அது வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

எடுத்த எடுப்பில் முகம் முழுக்கப் பூசவில்லை. காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் மூன்று நாள் பூசிப் பார்த்தேன். தடிப்பு வரவில்லை. அப்புறம்தான் கன்னத்துக்குப் போனேன். முதல் வாரம் பூசியதும் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்து, பத்து நிமிஷம் சுள்ளென்று இருக்கும். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்து கால்மணி நேரம் கழித்துப் பூசினால் அந்தச் சுள் பாதியாகக் குறைகிறது. ஈரத்தோடு பூசிய நாளெல்லாம் அவஸ்தைதான். இரண்டாம் வாரம் மூக்கோரம் தோல் உரிந்தது. மருத்துவரிடம் போனில் கேட்டுப் பத்து நாள் இரவு மட்டும் பூசினேன்.

அந்த நேரத்தில் வேறு எதையும் முகத்தில் வைக்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடு என்று சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பூசினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? வெளியே போகும்போது ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் தினமும் எழுதினேன். எத்தனை பரு, எவ்வளவு எரிச்சல், அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் அடுப்பு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முற்றத்தில் அதே தூணருகே நின்று மகள் போட்டோ எடுப்பாள். நான்காம் வாரம் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, ஆனால் நோட்டில் 19 பரு 12 ஆகியிருந்தது. அது இல்லாவிட்டால் அன்றே ஜெல்லைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

எட்டாம் வாரம் அக்னி நட்சத்திரமும் வைகாசிக் கல்யாண ஆர்டரும் சேர்ந்து வந்தன. இரண்டு நாள் தொடர்ந்து அதிரசம் சுட்டேன். மூன்றாம் நாள் காலை முகம் பழையபடி. மருந்து தோற்றுவிட்டது என்று உட்கார்ந்து அழுதேன். மகள்தான் நோட்டை எடுத்து, “அம்மா, முகம் மோசமான நாளெல்லாம் நாலு மணி நேரத்துக்கு மேல அடுப்புல நின்ன நாளு, பாருங்க” என்று காட்டினாள். காரக்குழம்பு சாப்பிட்ட நாள்களைப் பார்த்தால், குழம்பை ஆறவைத்துச் சாப்பிட்டபோது ஒன்றும் செய்யவில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்த காபிதான் ஏற்றியது. இது என் உடம்பின் கணக்கு, இன்னொருவருக்கு மிளகாயே ஆகாமல் போகலாம்.

அதற்குப் பிறகு சுடும் வேலையை இரண்டாங்கட்டில் திறந்த இடத்துக்கு மாற்றினோம். விடிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டி எட்டு மணிக்குள் முடிப்போம். நானும் உடன் வேலை செய்யும் அக்காவும் அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வோம், ஒருவர் வாணலியில் நின்றால் இன்னொருவர் மாவு தட்டுவது. கழுத்தில் ஈரத்துண்டு.

12 வாரம் முடிந்து மதுரை போனபோது இரண்டு பருதான் இருந்தது. எரிச்சல் அடுப்படியில் நிற்கும்போது மட்டும். களிம்பு விட்டுப்போன கருந்தழும்பும் மங்கியிருக்கிறது, இந்த அமிலம் அதற்கும் கேட்குமாம். மூக்கோரத்து மெல்லிய ரத்தநாளக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அதற்கு ஜெல் ஒன்றும் செய்யாது, லேசர்தான் என்றார் மருத்துவர். அதை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெல்லை இரவில் மட்டும் தொடர்கிறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நோட்டில் 40 பக்கம் மீதி இருக்கிறது.