விக்கிப்பீடியாவும் பெண்களும்

2018 அக்டோபரில் டோனா ஸ்டிரிக்லாண்ட் என்ற பெண் அறிவியலாளருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை இல்லை. அதே ஆண்டு ஒருவர் எழுதி அனுப்பிய வரைவை, போதிய சான்றுகள் இல்லை என்று கூறி, பரிசீலித்தவர் மே மாதத்தில் ஏற்க மறுத்திருந்தார். இத்தனைக்கும் ஸ்டிரிக்லாண்ட் 2013-இல் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். விதியைக் காட்டி அந்த முடிவை நியாயப்படுத்த முடியும்தான். ஆனால் ஊடகங்கள் பெண் அறிவியலாளர்களைப் பற்றிக் குறைவாக எழுதும்போது, பிறர் எழுதிய சான்றையே கேட்கும் விதி அந்தக் குறையை அப்படியே கலைக்களஞ்சியத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

எழுதுபவர்களிலும் பெண்கள் சிறுபான்மையினரே. வருபவர்களைத் துரத்தும் இணையத் தொல்லைக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எமிலி டெம்பிள்-வுட் என்ற அமெரிக்க மாணவி, தமக்கு வந்த ஒவ்வொரு தொல்லை மின்னஞ்சலுக்கும் பதிலாக ஒரு பெண் அறிவியலாளரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது என்று முடிவு செய்தார். 2016-இல் ஆண்டின் விக்கிப்பீடியர்களாக அறிவிக்கப்பட்ட இருவரில் அவரும் ஒருவர். போற்றத்தக்க பிடிவாதம். ஆயினும், தொல்லைக்கு ஆளானவரே கூடுதலாக உழைத்து ஈடுகட்டியதை நாம் கொண்டாடிய அளவுக்கு, அனுப்பியவர்களை யார் தடுத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. விக்கிப்பீடியா உள்ளிட்ட எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை விதிகளை, அவற்றை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல்தான் வெளியிட்டது. அந்த விதிகளை அன்றாடம் செயல்படுத்தும் பொறுப்போ, பெருமளவில் ஊதியமில்லாத தன்னார்வ நிர்வாகிகளிடமே இருக்கிறது.