28 நாள், 28 படங்கள்: பள்ளிக்கரணைக் கழுவெளியை வரைந்த அனுபவம்

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971ஆம் ஆண்டு அதே தேதியில் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. அந்நாளை முன்னிட்டு, சூழல் ஆர்வலர் குழு ஒன்று ஜனவரி 6 முதல் பிப்ரவரி 2 வரை நாளுக்கு ஒன்றாக 28 படங்கள் வரையும் சவாலை அறிவித்திருந்தது. விதிகள் மூன்றே. வரையப்படும் உயிர் அவரவர் ஊரின் நீர்நிலை ஒன்றைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். பிறர் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரையக் கூடாது. படத்தோடு அந்த உயிரைப் பற்றித் தமிழில் இரண்டு வரிகள் எழுத வேண்டும். மடிப்பாக்கத்தில் குடியிருந்து துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு நீர்நிலையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்துக்குச் செல்லும் 200 அடி சாலையே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் குறுக்கே போடப்பட்டதுதான். ஆண்டுக்கணக்கில் அந்த வழியே போய் வந்திருந்தும், வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு பறவையை முழுதாகப் பார்த்ததில்லை என்பது பெயரைப் பதிவு செய்த அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

கழுவெளி என்று பழைய ஆட்கள் சொல்லும் இந்த நிலத்துக்குத் தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து உபரி நீர் வந்து சேர்கிறது; இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது இதன் பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்த நிலம் சுருங்கி எஞ்சியிருக்கும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் மெல்ல வடியத் தொடங்கும் ஜனவரியில்தான் வலசைப் பறவைகளும் உள்ளூர்ப் பறவைகளும் ஒன்றாகக் கூடியிருக்கும். சவாலுக்கு அதைவிட ஏற்ற மாதம் அமைந்திருக்க முடியாது.

300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த தாள் வைத்துத் தைத்த சிறிய நோட்டு ஒன்று, எச்பி, 2பி பென்சில்கள், நீரில் கரையாத மை நிரப்பிய 0.1, 0.3 பேனாக்கள், 12 கட்டிகள் கொண்ட நீர்வண்ணப் பெட்டி, தம்பியிடம் இரவல் வாங்கிய பைனாகுலர் ஆகியவைதான் என் கருவிகள். சனி, ஞாயிறு காலைகளில் ஆறரை மணிக்குள் சென்று இரண்டு மணி நேரம் பென்சிலில் விரைவுக் கோடுகளாகக் குறித்துக்கொள்வது, நிறங்களைப் பக்கத்திலேயே சொற்களாக எழுதி வைப்பது, வார நாள்களில் அலுவலகம் கிளம்புமுன் அவற்றில் ஒன்றை எடுத்து மையும் வண்ணமும் கொடுத்து முடிப்பது என்று வகுத்துக்கொண்டேன். ஒரு காலையில் இருபது குறிப்புப் படங்கள் எடுத்தால் நான்கோ ஐந்தோதான் தேறும். ஆதலால் அந்த இரண்டு காலைகளும் எனக்கு உயிர்நாடியாக இருந்தன.

முதல் நாள் வரைந்தது நாமக்கோழி. எங்கு பார்த்தாலும் கூட்டம் கூட்டமாக மிதக்கும் கறுப்புப் பறவை என்பதால் எளிதாக இருக்கும் என்று எண்ணித் தொடங்கினேன். நெற்றியில் அலகிலிருந்து மேலேறும் வெள்ளைக் கவசத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டு, சுற்றிலும் கறுப்பை நிரப்பியதும், பறவை தட்டையான ஓட்டையைப்போல இருந்தது. மறுநாள் மீண்டும் பார்த்தபோதுதான் அதன் உடல் கறுப்பன்று, ஈரக் கருங்கல்லின் சாம்பல் என்பதும், தலை மட்டுமே உண்மையான கறுப்பு என்பதும் புரிந்தன. அதே பொழுதில், அந்தப் பெயரை வைத்தவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. நெற்றியில் நாமம், அது பிறழாமல் அமைந்துவிட்டால் பறவை வந்துவிடுகிறது. நத்தைகுத்தி நாரையின் பெயர் அதன் உணவைச் சொல்கிறது. நத்தையைப் பற்றும் அலகின் நடுவே தெரியும் இடைவெளியைக் கவனிக்கச் செய்கிறது. புள்ளிமூக்கு வாத்தின் பெயர் அலகின் நுனியில் மஞ்சளை வை என்கிறது. தமிழ்ப் பெயரை முதலில் எழுதிவிட்டு, அதைப் படித்துக்கொண்டே வரைவது என்ற வழக்கம் இப்படித்தான் தொடங்கிற்று.

பவளக்கால் உள்ளான் என்னை நான்கு நாள் அலைக்கழித்தது. பவள நிறத்தைக் கலந்து எடுப்பதில் சிரமமே இல்லை. சிக்கல் காலின் நீளத்திலும் மடிப்பிலும் இருந்தது. முழங்கால் பின்பக்கமாக மடங்குவதைப்போலத் தெரியும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால். முழங்கால் உடலோடு ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இதை அறியாமல் வரைந்த என் முதல் மூன்று உள்ளான்களும் இரண்டு குச்சிகளின்மேல் செருகி வைத்த பொம்மைகளைப்போல, எந்த நேரமும் முன்னால் சாய்ந்து விழும் நிலையில் நின்றன. கையை நீட்டிப் பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உடலின் பருமனை ஓர் அளவாகக் கொண்டு காலை அளந்து பார்த்தேன். அந்த அளவு இரண்டு முறைக்குமேல் போயிற்று. இவ்வளவு நீளமாகவா இருக்கும் என்று மனம் நம்ப மறுத்ததால்தான் கை ஒவ்வொரு முறையும் காலைக் குறுக்கியிருக்கிறது. அளந்ததை அப்படியே தாளில் வைத்தபோது உள்ளான் தானாக நிமிர்ந்து நின்றது.

இந்த 28 நாள்களில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது நீலத் தாழைக்கோழி. சம்பங்கோரைப் புதருக்கு வெளியே ஒன்று வந்து நின்று, தண்டு ஒன்றைக் கடித்து இழுத்து, ஒரு காலின் விரல்களால் அதைக் கையால் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றது. ஏறத்தாழ பத்து நிமிடம் அசையாமல் பார்த்து, அந்தப் பிடியை மட்டும் ஆறு முறை வரைந்தேன். வீட்டில் வண்ணம் கொடுக்கும்போது, பெட்டியில் உள்ள எந்த நீலமும் அந்த நீலமாக இல்லை. முடிவில், தாளை நனைத்து, மார்பில் பச்சை கலந்த நீலத்தையும் முதுகில் அல்ட்ராமரின் நீலத்தோடு துளி கிரிம்சன் சிவப்புச் சேர்த்த ஊதாவையும் விட்டு, இரண்டும் தாமே கலக்கும்வரை தூரிகையால் தொடாமல் காத்திருந்தேன். சென்னையின் ஜனவரி ஈரக்காற்றில் தாள் காய நேரம் பிடித்தது அன்று எனக்கு உதவியாகவே அமைந்தது. சிவந்த அலகையும் நெற்றியையும் மட்டும் காய்ந்த தாளில் கடைசியாக வைத்தேன்.

இத்தனை நாளும் பெயர்கள் எனக்கு வழிகாட்டியதால், 13ஆம் நாள் ஒரு பெயரை முழுதாக நம்பிவிட்டேன். நீளவால் இலைக்கோழியைத் தொலைவில், ஆகாயத்தாமரை இலைகளின்மேல் நடக்கும் ஓர் உருவமாக மட்டுமே பார்த்திருந்தேன். விரல்களின் அளவுக்கு மீறிய நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். மிதக்கும் இலைகள் அமிழ்ந்துவிடாதபடி உடல் எடையைப் பரப்பித் தாங்குபவை அந்த விரல்கள்தான். வால் எப்படியிருந்தது என்று நினைவில்லை. பெயரே நீளவால் என்கிறதே என்று, கைப்பேசியில் கிடைத்த ஒளிப்படம் ஒன்றைப் பார்த்து, வளைந்த கரிய வாலையும் பொன்மஞ்சள் பிடரியையும் சாக்லேட் நிற உடலையும் மிகுந்த கவனத்தோடு வரைந்து அனுப்பினேன். பிறர் படத்தைப் பார்த்து வரையக் கூடாது என்ற விதியை நான் மீறினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் வழக்கமாகப் பறவை பார்க்க வரும் பெரியவர் ஒருவர், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்த வாலை இங்கே எப்போ பார்த்தீங்க?"

"இப்போதான் ஐயா, போன வாரம்."

"போன வாரமா? கொஞ்சம் அங்கே பாருங்க," என்று தம் பைனாகுலரை என்னிடம் கொடுத்தார்.

இலைகளின்மேல் நின்ற பறவைக்கு நீண்ட வால் இல்லை. முதுகு வெளிறிய பழுப்பு, வயிறு வெள்ளை, கழுத்தின் பக்கங்களில் மங்கிய மஞ்சள், மார்பின் குறுக்கே மாலையைப்போல ஒரு கரிய பட்டை. நீளவாலும் கரிய உடலும் இனப்பெருக்கக் காலத்து உடை என்றும், அக்காலம் முடிந்ததும் அவை உதிர்ந்துவிடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பது ஆண் பறவைதான் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பெயர் பொய் சொல்லவில்லை. அது ஆண்டின் ஒரு பாதியை மட்டும் சொல்லியிருக்கிறது. ஜனவரிப் பள்ளிக்கரணை என்று தலைப்பிட்டு ஜூன் மாதத்துப் பறவையை வரைந்திருந்த எனக்கு அன்று மனம் மிகவும் கலங்கியது. அங்கேயே அமர்ந்து பழுப்புப் பறவையை வரைந்து, நடந்ததை இரண்டு வரியில் எழுதி, பழைய படத்துக்கு மாற்றாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் கண்ணால் காணாத எதையும் தாளில் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அல்லி இலையின் ஓரத்திலிருந்து காம்பு வரை செல்லும் வெட்டு தாமரை இலைக்கு இல்லை என்பதைப்போன்ற சிறிய வேறுபாடுகள் அதன் பிறகுதான் கண்ணில் பட்டன. ஆகாயத்தாமரைக்கு ஒரு நாளை ஒதுக்கியதைச் சில நண்பர்கள் விரும்பவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலைகளை மூடும் அக்களையை அழகாக வரைவது எதற்கு என்று கேட்டார்கள். அதன் காம்பில் காற்றடைத்ததுபோல உப்பிய பகுதியையும், ஊதாப் பூவின் மேலிதழில் மட்டும் உள்ள மஞ்சள் பொட்டையும் பார்த்தபடியே வரைந்து, அது நீரின் ஒளியையும் உயிர்வளியையும் எப்படிக் குறைக்கிறது என்பதைக் குறிப்பில் எழுதினேன். இருப்பதை வரைவதுதான் சவால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பூநாரைப் படத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்விக்கும் அதையே விடையாகக் கொண்டேன். தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து இரையை வடிகட்டித் தின்னும் அந்தக் கூட்டத்தில் பாதிக்குமேல் சாம்பல் நிற இளம் பறவைகள். உணவிலிருந்து சேரும் நிறமி ஏறி அவை சிவக்க இன்னும் ஆண்டுகள் ஆகும். அவற்றின் பின்னால் குப்பைமேடும், அதற்கும் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்களும் நின்றன. இரண்டு வடிவங்களில் முயன்றேன். மேடு இல்லாத படம் எந்த ஊர் ஏரியாகவும் இருக்கக்கூடியதாகத் தோன்றியது. மேட்டை நீர்த்த சாம்பலில் மெல்லிய படலமாகவும், அதன்மேல் வட்டமிடும் பருந்துகளை 0.1 பேனாவில் புள்ளிகளாகவும் வைத்த படத்தையே 26ஆம் நாளுக்கு அனுப்பினேன். 28 படங்களில் எனக்கு நிறைவளித்தது அதுதான்.

ஸ்கேன் செய்யும்போது வெளிர் நிறங்கள் காணாமல் போவதும், மணிக்கட்டு வலியும், ஓர் இரவு மின்தடையில் மெழுகுவத்தி ஒளியில் வண்ணம் கலந்து மறுநாள் காலை திருத்த நேர்ந்ததும் இடையில் வந்து போயின. பிப்ரவரி 2 அன்று கடைசிப் படமாக, கோரையும் நீரும் வானமும் மட்டும் கொண்ட நீண்ட நிலக்காட்சியை இரண்டு பக்கங்களில் விரித்து வரைந்து முடித்தேன்.

சவால் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரம், நீர் நன்கு குறைந்திருந்த ஒரு காலையில், அதே இலைப்பரப்பில் கரிய வால் ஒன்று வளைந்து எழுவதைக் கண்டேன். பிடரி பொன்னாக மின்னியது. சென்ற முறை ஒளிப்படத்தைப் பார்த்து நான் வரைந்த வால் விறைப்பாக இருந்தது. இந்த வால் பறவை நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் மெல்ல அசைந்தது. நான்கு முறை கோடிட்டு, ஐந்தாவதில் ஒரே இழுப்பாக வந்த வளைவை வைத்துக்கொண்டேன். பறவை இலைகளுக்கிடையே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்ததால், அங்கே கூடு இருக்கலாம் என்று பெரியவர் சொன்னார். அதற்குமேல் நெருங்காமல் இருவரும் நடைபாதையின் மறுகோடிக்கு வந்துவிட்டோம். நோட்டில் ஜனவரிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அதில் நீளவால் இலைக்கோழி என்று மீண்டும் எழுதி, கீழே தேதியையும் நேரத்தையும் குறித்தேன்.